தோஷம் குடிக்கும் செடி

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே தி. நகரின் ஒரு சந்தில் இருநூறு பேர் வரிசையில் நின்றால், ஆடித் தள்ளுபடி என்று நினைக்கத் தோன்றும். இல்லை. துணிக்கடைக்காரர்களே அந்த நேரத்தில் போர்வைக்குள் இருப்பார்கள். அந்த வரிசை விருட்ச சாமிக்காக.

விருட்ச சாமியின் வீட்டுப் பெயர் பத்ரிநாராயணன். நான்கு வருடம் முன்புவரை வீடு வீடாகப் போய்க் குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்றவர். உங்கள் தண்ணீரில் கிருமி இருக்கிறது என்று பயமுறுத்திப் பார்த்தார், யாரும் பயப்படவில்லை. உங்கள் வீட்டுக் காற்றில் தோஷம் இருக்கிறது என்றார், ஊரே பயந்துவிட்டது. நுண்ணோக்கியிலாவது பார்க்க முடிகிற கிருமியைவிடப் பார்க்க முடியாத தோஷத்துக்குத்தான் நம் ஊரில் மரியாதை அதிகம்.

சாமியின் சித்தாந்தம் எளிமையானது. இருபத்தேழு நட்சத்திரத்துக்கும் ஆளுக்கொரு செடி. உங்கள் நட்சத்திரச் செடியைச் சாமியிடம் வாங்கி, அவர் சொல்லும் மூலையில் வைத்தால் அது வீட்டுத் தோஷத்தைக் குடித்துவிடும். செடி பிழைத்தால் சாமியின் மகிமை. பட்டுப்போனால் உங்கள் தோஷத்தின் கடுமை. உடனே அடுத்த செடி வாங்க வேண்டும். பட்டுப்போனதைக் குப்பையில் போடக்கூடாது. வெள்ளைத் துணி போர்த்தி, வாயைத் திறக்காமல் கொண்டுவந்து சாமியிடமே ஒப்படைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். சாமி அதைப் பட்டினப்பாக்கம் கடலில் கரைத்துவிடுவார். பூவா தலையா போட்டால் இரண்டு பக்கமும் தனக்கே விழுகிற நாணயம் ஒன்றைச் சாமி எங்கிருந்தோ வாங்கி வைத்திருந்தார்.

அந்த வரிசையில் நூற்று நாற்பத்தேழாம் டோக்கனோடு நின்றவர் வெங்கடரமணன். வயது அறுபத்தாறு. மயிலாப்பூர்ப் பள்ளி ஒன்றில் முப்பத்து நான்கு வருடம் பௌதிக வாத்தியார். கிரகணத்தன்று வகுப்பிலேயே முறுக்கு தின்று காட்டியவர். "ராகுவும் இல்லை கேதுவும் இல்லை, எல்லாம் நிழல்டா" என்று கரும்பலகையில் வட்டம் போட்டவர். அப்பேர்ப்பட்டவர் முகக்கவசம் போட்டுக்கொண்டு நின்றார். கிருமிக்குப் பயந்து அல்ல. பழைய மாணவன் எவனாவது பார்த்துவிடுவானோ என்று. படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்பார்கள். வெங்கடரமணன் இடிப்பதற்கு டோக்கன் வேறு வாங்கியிருந்தார்.

காரணம் இல்லாமல் இல்லை. மனைவி ஜானகிக்கு இரண்டு கண்ணிலும் புரை. அதோடு வலது கண்ணில் அழுத்தம் வேறு ஏறிக்கொண்டிருந்தது. டாக்டர் மதுமதி ஆபரேஷனுக்குத் தேதி குறித்துக் கொடுத்தார். "புரை காத்திருக்கும் சார், அழுத்தம் காத்திருக்காது. நரம்பு போனா போனதுதான்" என்று தெளிவாகத்தான் சொன்னார். ஆனால் கண்ணில் கத்தி என்ற இரண்டு சொல்லைத் தாண்டி வெங்கடரமணனின் காதில் எதுவும் ஏறவில்லை. மிரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவருடைய வீடும் தோதாக இருண்டிருந்தது.

மந்தைவெளியில் ஓர் அடுக்ககத்தில் முதல் மாடி வீடு. கிழக்குப் பார்த்த வாசல் என்பதற்காகக் கூடுதல் விலை கொடுத்து வாங்கியது. கிழக்கே நான்கடி தள்ளி ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று எழும்பிவிட்டது. வாஸ்துப்படி சூரியன் தினமும் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தான். நடைமுறையில் பகல் பன்னிரண்டு மணிக்கு ஹாலில் டியூப் லைட் எரிந்தது. ஒளி நேர்கோட்டில் செல்லும், சுவர் வந்தால் நின்றுவிடும் என்று மூவாயிரம் பிள்ளைகளுக்காவது பாடம் நடத்தியவரின் வீடு அது.

சாமியின் பெயரைச் சொன்னவர் அடுக்ககச் செயலாளர் கல்யாணராமன். அவர் வீட்டு வெயில் பால்கனியில் சாமி கொடுத்த பெரணிச் செடி ஒன்று ஏற்கெனவே இருந்தது.

"உங்காத்து மாமிக்குக் கண்ணுல கத்தி வைக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை அவரைப் பார்த்துட்டு வாங்கோ. போனா என்ன குறைஞ்சுடப்போறது?" என்றார்.

இந்த ஊரில் பாதிப் பேரைக் குழியில் தள்ளியது அந்தக் கடைசிக் கேள்விதான்.

"ஜானகியோட மனநிம்மதிக்காகப் போயிட்டு வரேன்" என்று வெங்கடரமணன் வீட்டில் அறிவித்தார்.

"என் மனசு நிம்மதியாத்தான் இருக்கு. உங்களுக்காகப் போறேள்னு சொல்லிண்டு போங்கோ" என்றாள் ஜானகி. தபால் நிலையத்தில் முப்பது வருடம் விலாசம் தப்பிய கடிதங்களைப் பிரித்து அனுப்பியவள். எது யாருக்கு என்று அவளுக்குத் தெரியும்.

பத்தரை மணிக்கு டோக்கன் நூற்று நாற்பத்தேழு கூப்பிடப்பட்டது. சாமி பச்சைப் பட்டு கட்டி, இலைபோல் கத்தரித்த தாடியோடு உட்கார்ந்திருந்தார். பின்னால் நாற்பது தொட்டிகள் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் குங்குமப் பொட்டு வைத்து.

"ஹால் போட்டோ கொண்டாந்தீங்களா? லைட் போடாம எடுத்ததுதானே?"

"லைட் போடாம எடுத்தா ஒண்ணும் தெரியலையே சாமி."

"தெரியாததுலதான் எனக்குத் தெரியும்" என்றார் சாமி. போனில் இருந்த கறுப்புச் சதுரத்தைக் கண் மூடித் தடவினார். ஜானகியின் நட்சத்திரம் ரோகிணி என்றதும் ஒரு தொட்டியை எடுத்து வைத்தார். "பஞ்சவர்ண கல்பகம். கொல்லிமலையில முந்தாநாள் விரதமிருந்து எடுத்தது. ஈசானிய மூலையில வைங்க. மூணு வேளை மஞ்சத் தண்ணி. புதுத் துளிர் விடுற வரைக்கும் அம்மா கண்ணுல கத்தி படக்கூடாது. மீறினா நான் பொறுப்பில்ல."

சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகப் பளபளத்த அந்தச் செடிக்கு ஊரில் குரோட்டன்ஸ் என்று பெயர். பங்களா வாசலிலும் ரவுண்டானாவிலும் சுள்ளென்ற வெயிலில் நிற்கும். வெங்கடரமணன் தினமும் நடைப்பயிற்சியில் அதைக் கடந்துதான் போவார். இருந்தும் கொல்லிமலை என்றதும் நம்பினார். சாமி காணிக்கைத் தட்டைக் காட்டியதும் முகக்கவசத்துக்குள் மூச்சு வாங்கியபடி பணத்தை வைத்தார்.

வீட்டில் ஈசானிய மூலை என்பது ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்து. கரப்பான்பூச்சிகூடத் தடவிக்கொண்டு போகிற இடம். அங்கே செடியை வைத்தார். வைத்ததும் அவருக்குள் இருந்த வாத்தியார் விழித்துக்கொண்டார். புதுத் துளிர் வருகிறதா என்று சும்மா பார்த்தால் போதுமா? அளக்க வேண்டாமா? பரணிலிருந்து பழைய பரிசோதனைக்கூடச் செப்புக் கம்பியை எடுத்து, தண்டின் அடியில் ஒரே ஒரு சுற்று சுற்றினார். அது பூஜ்யக் குறி. அங்கிருந்து நுனிவரை தினமும் காலையில் அளந்து நோட்டில் எழுதினார். மூடநம்பிக்கையைத் தசம ஸ்தானம்வரை துல்லியமாகக் கடைப்பிடித்த முதல் மனிதர் அவராகத்தான் இருக்கும்.

முதல் வாரம் மூன்று இலை விழுந்தது. இரண்டாம் வாரம் பதினொன்று. மாதக் கடைசியில் ஈரமண்ணில் ஒரு குச்சி நின்றது. ஆபரேஷன் தேதி போய்விட்டது. "கொஞ்சம் குடும்ப விஷயம்" என்று மருத்துவமனைக்குப் போன் செய்து தள்ளிப்போட்டார்.

துணி போர்த்தி எடுத்துப்போனார். சாமி குச்சியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எவ்வளவு குடிச்சிருக்குது பாருங்க. இது மட்டும் இல்லேன்னா அத்தனையும் அம்மா கண்ணுல இறங்கியிருக்கும்."

வெங்கடரமணன் குச்சியைக் கைகூப்பி வணங்கினார். நன்றி சொல்லி, இரண்டாவது கல்பகம் வாங்கி வந்தார். இதற்குச் செப்புக் கம்பி இரண்டு சுற்று. எண்ணிக்கை குழம்பக்கூடாது அல்லவா? அதுவும் ஒரு மாதத்தில் மொட்டை. இரண்டாவது தேதியும் போனது. மூன்றாவது கல்பகம் வந்தது. மூன்று சுற்று.

இதற்குள் ஜானகி சாம்பாரைத் தட்டுக்கு வெளியே ஊற்ற ஆரம்பித்திருந்தாள். ஒரு மாலை விளக்கேற்றும்போது திரி எங்கே என்று விரலால் தேடி, சுடரிலேயே விரலை வைத்துவிட்டாள். வெங்கடரமணன் ஓடி வந்து தண்ணீரில் கையைப் பிடித்தார்.

"வலது கண்ணுல ஓரமெல்லாம் இருட்டிண்டு வர்றது. ஜன்னல் கதவைச் சாத்தறாப்பல" என்றாள் அவள், வலியைப் பற்றிப் பேசாமல். "டாக்டர் கிட்ட எப்பப் போறோம்?"

"துளிர் வரட்டும் ஜானு. இந்தத் தடவை வந்துடும்."

எதிரில் இருந்தவரின் முகம் அவளுக்குச் சரியாகத் தெரியாதது அவருடைய அதிர்ஷ்டம். அதில் இருந்தது வெறும் பயம்.

மூன்றாவது செடியும் வாட ஆரம்பித்ததும் அவர் பதறிப்போனார். சாமிக்குத் தெரியாமல் நல்ல உரம் ஒன்று வைத்துத் துளிரை வரவழைத்துவிட்டால் என்ன என்று யோசித்தார். தெய்வத்துக்கே குறுக்குவழி தேடுவதில் நம்மவர்களை யாரும் மிஞ்ச முடியாது. தொட்டியைத் தூக்கிக்கொண்டு மந்தைவெளி மார்க்கெட் பக்கம் போனார். அங்கே தள்ளுவண்டியில் செடி விற்கும் தேவானை, பத்து வருடமாக அதே மரத்தடியில் நிற்பவள். செடியைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தாள்.

"இன்னா சார், குரோட்டன்ஸ இப்டிப் பண்ணி வெச்சிக்கீறே. எங்க வெச்சே?"

"ஹால் மூலையில. ஃபிரிட்ஜ் பக்கத்துல."

"அந்த மூலையில மத்தியானம் லைட் போடாம பேப்பர் படிக்க முடியுமா?"

"முடியாது."

"அப்போ செடிக்கு மட்டும் எப்டி முடியும்? இதுக்குச் சோறே வெயிலு. சோறு போடாம, மண்ணு சொதசொதன்னு ஆவுற வரைக்கும் தண்ணி மட்டும் காட்டிக்கினு கீற. இருட்டு வூட்டுக்குன்னா ஸ்நேக் பிளான்ட் வெய்யி, மணி பிளான்ட் வெய்யி, ஜன்னலாண்ட. அதுவும் பேப்பர் தெரியிற எடத்துலதான். எழுத்து தெரியாத மூலையில பிளாஸ்டிக் செடிதான் வெக்கணும்."

ஒளிச்சேர்க்கை. எட்டாம் வகுப்புப் பாடம். வெங்கடரமணன் மார்க்கெட் நடுவில் அதன் சமன்பாட்டோடு நின்றார். அந்த அவமானமே போதும் என்றிருந்தது, ஆனால் தேவானை விடவில்லை. தண்டைத் திருப்பிக் காட்டினாள்.

"இத்த எவன் புதுச் செடின்னு குடுத்தான்? இந்தாப் பாரு, தண்டு பூரா எலை விழுந்த தழும்பு. ஏற்கெனவே ஒரு வாட்டி மொட்டையாயி, அப்பால வெயில்ல வெச்சித் தேத்திக்கீறாங்க." மேல்மண்ணை விரலால் கிளறியவள் நிறுத்தினாள். "மேல மூணு சுத்துக் கம்பி கீது. உள்ள இன்னா ஒரு சுத்து?"

புதிதாகக் கொட்டி ஏற்றிய மண்ணுக்கு அடியில், பச்சை படிந்து, ஒரே ஒரு சுற்றுச் செப்புக் கம்பி. பூஜ்யக் குறி. கடலில் கரைக்கப்பட்ட முதல் செடி.

வெங்கடரமணன் தொட்டியோடு நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். லைட் போடாமல் எடுத்த போட்டோவைச் சாமி ஏன் கேட்டான் என்பது இப்போது புரிந்தது. இருட்டு வீட்டுக்கு வெயில் செடி. வெயில் கொளுத்தும் பால்கனிக்கு, கல்யாணராமனுக்குக் கொடுத்ததுபோல, நிழலில் வளரும் பெரணி. எங்கே எது சாகும் என்பதைத் தேர்ந்தெடுப்பதில் பத்ரிநாராயணன் உண்மையிலேயே தாவர நிபுணர்தான். தெரிந்துகொள்ள வேண்டியதை எல்லாம் தெரிந்து வைத்திருந்தான். தெரிந்திருக்க வேண்டிய வாத்தியார்தான் நோட்டில் மில்லிமீட்டர் எழுதிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து ஜானகியிடம் ஒன்று விடாமல் சொன்னார். அவள் கேட்டது ஒன்றுதான்.

"டாக்டருக்குப் போன் பண்ணியாச்சா?"

"திங்கட்கிழமைதான் கிடைச்சுது. என்னை மன்னிச்சுடு ஜானு."

"திங்கட்கிழமை மன்னிக்கறதா வேண்டாமான்னு பார்க்கலாம். நாளன்னிக்கு ஞாயித்துக்கிழமை. அங்க இருநூறு பேர் நிப்பான்னேளே, அவாள்ல எத்தனை பேருக்கு ஆபரேஷன் தேதி தள்ளிப்போயிருக்கோ. போய்ச் சொல்லிட்டு வாங்கோ. முகத்தை மூடிக்காமப் போங்கோ."

போனார். முகக்கவசம் இல்லாமல், கையில் தொட்டியோடு, டோக்கன் எடுக்காமல் நேராக உள்ளே. சாமி அப்போது முத்துலட்சுமி என்ற அம்மாளுக்குச் செடி கொடுத்துக்கொண்டிருந்தார். தி. நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரி. வீட்டுக்காரரின் நெஞ்சுவலிக்குப் பரிகாரமாம். டாக்டரிடம் பிறகு போய்க்கொள்ளலாமாம்.

வெங்கடரமணன் தொட்டியைச் சாமி முன் வைத்தார். கம்பியைக் காட்டினார். கதையைச் சொன்னார். கூட்டத்தில் சலசலப்பு.

சாமி சிரித்தார். "கம்பிய நீங்களே கட்டி எடுத்து வந்திருக்கலாமே. சாமிய சோதிக்கிறதுக்குன்னே சில பேர் பொறப்பாங்க."

"சோதிக்கக் கூடாதுங்க, பெரிய பாவம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் ஒத்து ஊதியது.

நல்ல ஆட்சேபம் என்று வெங்கடரமணனுக்கே பட்டது. ஒரு முறை நடந்தது நிரூபணம் ஆகாது என்று அவரே வகுப்பில் சொல்லியிருக்கிறார். "சரி. நான் எதையும் தொடப்போறதில்லை" என்றார். "என்னோட இரண்டாவது செடியை ஒரு மாசம் முன்னாடி இவர்கிட்ட திருப்பிக் கொடுத்தேன். கடல்ல கரைச்சுட்டேன்னார். அதுல மண்ணுக்கு அடியில செப்புக் கம்பி, சரியா இரண்டு சுத்து. கரைச்சது நிஜம்னா இங்க இருக்கிற எந்தத் தொட்டியிலயும் அது இருக்காது. நீங்களே கிளறிப் பாருங்கோ. அந்தக் கம்பி இல்லேன்னா நான் பொய்யன், இங்கேயே இவர் கால்ல விழறேன்."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. அந்தச் செடி ஏற்கெனவே யார் வீட்டுக்காவது போயிருந்தால்? முப்பத்து நான்கு வருடத்தில் விடை தெரியாமல் அவர் செய்து காட்டிய முதல் பரிசோதனை அது.

"செடியத் தொட்டா தோஷம் ஒட்டும்" என்று சாமி எழுந்தார். குரல் லேசாகக் கீச்சிட்டது. யாரும் நகரவில்லை. ஒட்டிவிட்டால் என்ன செய்வது?

முத்துலட்சுமிதான் தன் கையில் இருந்த தொட்டியை மடியில் வைத்தார். "ரூவா குடுத்து வாங்குனது நானு. எஞ்செடிய நான் தொடுததுக்கு யாரு கேக்கது?" விரல் உள்ளே போனது. நின்றது. மெல்ல மண்ணை ஒதுக்கினார். கம்பி. அவரே சத்தமாக எண்ணினார். "ஒண்ணு. ரெண்டு."

அதற்குப் பிறகு, செடிகளைத் தேற்றும் வெயிலைத் தேடி மொட்டைமாடிக்கு ஏறிப்போக யாரும் அனுமதி கேட்கவில்லை. மேலே சுடச்சுட வெயிலில் முந்நூறு குச்சிகள் துளிர்விட்டுக்கொண்டிருந்தன. ஓரத்தில் நிழல்வலைக்குக் கீழே கருகிய பெரணிகள் தேறிக்கொண்டிருந்தன. சுண்ணாம்பால் எழுதிய அட்டைகள்: 'தயார்', 'பத்து நாள்', 'பொட்டு வைக்கணும்'. மந்திரம் எதுவும் இல்லை. ஒரு ரப்பர் குழாய் மட்டும் இருந்தது.

கூட்டத்துக்குக் கோபம் வந்தது. எதற்கு என்று நினைக்கிறீர்கள்? ஏமாற்றியதற்கா?

"அப்போ எவனோ ஒருத்தன் தோஷம் குடிச்ச செடிய என் வீட்டுல வெச்சிருக்கீங்களா?" என்று ஒருவர் சாமியின் பட்டுத் துணியைப் பிடித்தார். "எனக்கு யாரோட தோஷம் வந்துச்சு, சொல்லு" என்று இன்னொருவர். தன் தோஷம் யார் வீட்டுக்குப் போனது என்று கவலைப்பட ஒரு ஆள்கூட இல்லை. அந்தத் தள்ளுமுள்ளில் பச்சைப் பட்டு கிழிந்தது. போலீஸ் வந்தது. முத்துலட்சுமி மட்டும் எந்தச் சண்டையிலும் சேராமல் வாசலுக்கு வந்து வீட்டுக்குப் போன் போட்டார்.

"ஏங்க, சட்டைய மாட்டிக்கிட்டு நில்லுங்க. ஆட்டோவோட வாரேன், ஆசுபத்திரிக்குப் போவோம்."

திங்கட்கிழமை ஜானகிக்கு வலது கண்ணில் ஆபரேஷன் நடந்தது. அடுத்த மாதம் இரண்டாவது கண். கட்டுகள் எல்லாம் பிரித்த பிறகு டாக்டர் மதுமதி விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு வெங்கடரமணனை உட்காரச் சொன்னார்.

"இடது கண்ணு அருமையா வந்திருக்கு. வலது கண்ணுல நரம்பு நிறைய போயிடுச்சு சார். முதல்ல குறிச்ச தேதியில வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம். இனிமே அது திரும்பாது."

பௌதிக வாத்தியார் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் சுவரைப் பார்த்து அழுதார். பக்கத்தில் நின்ற ஜானகி அவரைச் சமாதானப்படுத்தவில்லை. அழட்டும் என்று விட்டாள். அவளுக்கும் கோபம் இருந்தது. அதை மறைக்க வேண்டிய அவசியம் இருப்பதாக அவள் நினைக்கவில்லை.

வீட்டுக்கு வந்த நாளே கல்யாணராமன் ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். எல்லாம் கேட்டு முடித்து, தலையை ஆட்டினார்.

"ஆனா ஒண்ணு சொல்லணும். ஒரு கண்ணாவது நன்னா பொழச்சுதே. ஆள் ஃபிராடா இருக்கலாம், செடி கொஞ்சமாவது குடிச்சிருக்குமோன்னு எனக்குத் தோணறது. அடையார்ல ஒருத்தர் இருக்கார், தண்ணியைப் பார்த்தே சொல்றாராம்."

ஜானகி பார்வை இருந்த இடது கண்ணால் அவரை நேராகப் பார்த்தாள்.

"குடிச்சது செடி இல்லை. இவரோட பயம். அது குடிச்சது தோஷத்தையும் இல்லை, என் வலது கண்ணை. இவருக்காவது நஷ்டம் ஆனப்புறம் புரிஞ்சுது. உங்களுக்கு யாரோட கண்ணு போகணும்?"

கல்யாணராமன் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் போனார். அடையாறுக்குப் போனாரா, வீட்டுக்குப் போனாரா, தெரியாது. பத்ரிநாராயணன் ஜாமீனில் வந்து இப்போது எந்த ஊரில் என்ன பெயரில் இருக்கிறார் என்பதும் தெரியாது. அவரைத் தேடி அலைய வேண்டாம். அவரைத் தேடிப் போகிற ஆளை அவரவர் வீட்டுக் கண்ணாடியிலேயே பிடித்துவிடலாம். பிடித்ததும், "போனா என்ன குறைஞ்சுடப்போறது?" என்று அவன் கேட்டால், முதலில் பதிலை யோசியுங்கள். பிறகு செருப்பை மாட்டலாம்.